கிரியோலும் கேஜனும்: லூசியானாவின் பிரெஞ்சு மரபினர்

புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த தெருக்களில் 'கிரியோல்' என்பது பழகிய சொல். ஐரோப்பியர்க்கும் இந்நாட்டவர்க்கும் பிறந்த வழியில் வந்து, பிரெஞ்சு மொழி பேசி, கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்களை அச்சொல்லால் குறித்தனர். புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறி மொரிசியசில் கால் வைத்த தமிழர் அங்கும் அச்சொல்லைக் கேட்டனர். ஆனால் அங்கே அஃது ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோரையும், அத்தீவினர் அனைவரும் தெருவிலும் கடையிலும் பேசும் மொழியையும் குறித்தது. ரீயூனியன் தீவுக்குச் சென்றாலோ பொருள் மேலும் விரிகிறது. அம்மண்ணில் பிறந்தவர் எவராயினும் கிரியோலே. கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் பேரப்பிள்ளைகளும் அப்பெயருக்கு உரியவரே. ஒரு சொல் மூன்று துறைமுகங்களில் மூன்று பொருள் கொண்டு நிற்பதை நம்மவர் நேரிலேயே கண்டிருக்கின்றனர். அதே சொல் நான்காவதாக ஒரு துறைமுகத்தில் கரையேறி, வேறெங்கும் காணாத வழக்குகளையும் மனத்தாங்கல்களையும் விளைவித்தது. அத்துறைமுகம் அமெரிக்காவின் தென்கோடியில் மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ்.

லூசியானா மாநிலத்தைப் பற்றி எழுதும் பயண நூல்கள் எளியதொரு வாய்பாட்டைக் கையாள்கின்றன. கேஜன் எனில் நாட்டுப்புறத்தில் நண்டும் இறாலும் பிடித்து வாழும் பிரெஞ்சு வெள்ளையர். கிரியோல் எனில் நகரத்தில் வாழும் கலப்பு மரபினர் என்பது அவ்வாய்பாடு. பழைய பதிவேடுகளைப் புரட்டினால் இது நிற்பதில்லை. இவ்விரு பெயர்களும் தொடக்கத்தில் நிறத்தைக் குறித்தவை அல்ல. ஒன்று பிறந்த இடத்தைச் சொன்னது. மற்றொன்று வந்த வழியைச் சொன்னது. நிறம் பின்னர் வந்து நடுவே ஒரு கோடு கிழித்தது. அக்கோடு எப்பொழுது, எவரால், எதற்காகக் கிழிக்கப்பட்டது என்பதையே இங்கு நாம் காண விழைகிறோம்.

மண்ணில் பிறந்தோர்

'கிரியோல்' என்பதன் வேர் போர்த்துகீசிய மொழியில் உள்ளது. 'கிரியார்' என்றால் வளர்த்தல். வீட்டில் பிறந்து வளர்ந்தவனைக் குறித்த அச்சொல் ஸ்பானியர் வாயிலும் பிரெஞ்சுக்காரர் வாயிலும் புகுந்து, தாய்நாட்டிலிருந்து வந்தவனல்லாமல் குடியேற்ற நாட்டிலேயே பிறந்தவன் என்னும் பொருளைப் பெற்றது. லா சால் என்பார் 1682இல் மிசிசிப்பிப் படுகையைப் பிரெஞ்சு மன்னருக்கு உரியதென அறிவித்தார். 1718இல் பியென்வில் என்பார் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவினார். மறு ஆண்டிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து முதல் அடிமைக் கப்பல்கள் வந்துவிட்டன. அடுத்த தலைமுறை பிறந்ததும், பிரான்சில் பிறந்த அதிகாரியினின்று அவர்தம் உள்ளூர்ப் பிள்ளையைப் பிரித்துக் காட்ட இச்சொல் பயன்பட்டது. ஆப்பிரிக்காவில் பிடிபட்ட அடிமையினின்று லூசியானாவில் பிறந்த அடிமையைப் பிரித்துக் காட்டவும் இதே சொல்தான் பயன்பட்டது. ஆண்டான் வீட்டுக் குழந்தையும் கிரியோல். அடிமைக் கொட்டிலில் பிறந்த குழந்தையும் கிரியோல். ஆட்களுக்கு மட்டுமா? உள்ளூரில் வளர்ந்த குதிரைக்கும் அப்பெயர் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் உள்ளூர்த் தக்காளியை இன்றும் கிரியோல் தக்காளி என்றே கூவி விற்கின்றனர். நம் ஊரில் 'நாட்டுத் தக்காளி' என்பதற்கும் இதற்கும் பொருளளவில் வேறுபாடு இல்லை.

இம்மக்களின் குருதி வழியை ஆராயப் புகுந்தால் ஒரே ஊற்றைக் காண முடியாது. பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த பிரெஞ்சுக்காரர், செனகல், காம்பியா ஆற்றுப் பகுதிகளிலிருந்து பெரும்பான்மையாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், அம்மண்ணின் பழங்குடியினர், 1721இல் வந்திறங்கிய ஜெர்மானியக் குடியானவர், 1778 முதல் 1783 வரை ஸ்பானிய அரசு கொண்டுவந்து குடியேற்றிய கேனரித் தீவினர் ஆகிய அனைவரும் இதில் கலந்துள்ளனர். ஜெர்மானியர் ஓரிரு தலைமுறையில் தம் மொழியை இழந்தனர், பெயரையும் இழந்தனர். ஜெர்மன் மொழியில் மரக்கிளையைக் குறிக்கும் 'சுவைக்' என்னும் குடிப்பெயர், அதே பொருளுள்ள 'லாபிரான்ஷ்' என்னும் பிரெஞ்சுப் பெயராயிற்று. 'ஹூபர்' என்பது 'ஊபர்' ஆயிற்று. இன்று அப்பெயர்களைத் தாங்கி நிற்போரைப் பார்த்து இவர் ரைன் ஆற்றங்கரையிலிருந்து வந்தவர் என்று எவரும் சொல்லார்.

கடலோரம் இழந்தோர்

கேஜன் மக்களின் கதை வேறு. அது தொடங்கும் இடமும் லூசியானா அன்று. அதற்கு மூவாயிரம் கிலோமீட்டர் வடக்கே, இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அக்காடியா என்று பெயர் பெற்ற பிரெஞ்சுக் குடியேற்றம் 1604இல் தொடங்கியது. மேற்குப் பிரான்சின் புவாத்து முதலிய பகுதிகளிலிருந்து உழவர் குடும்பங்கள் 1630களிலிருந்து அங்கு வந்தன. ஃபண்டி வளைகுடாவின் கடல் ஓதம் உலகிலேயே மிக உயரமானது. அந்த ஓதம் ஏறி இறங்கும் உவர்ச் சதுப்பை இவ்வுழவர் விளைநிலம் ஆக்கிய திறம் வியந்து போற்றத்தக்கது. மண்ணும் புல்லும் கொண்டு நெடிய கரை எழுப்பினர். கரையின் அடியில் மரத்தாலான மதகு ஒன்றை வைத்தனர். அம்மதகினுள் தொங்கும் கதவு, ஓதம் இறங்கும்போது மழைநீரை வெளியே விடும். ஓதம் ஏறும்போது கடல்நீர் தள்ள, தானே மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டு மழையில் உப்பு கழுவப்பட்டபின் அங்கே கோதுமை விளைந்தது. காடு அழித்து நிலம் காணாமல் கடலிடமிருந்து நிலம் பெற்றதால் மிக்மாக் பழங்குடியினரோடு பெரும்பாலும் நட்பாகவே வாழ்ந்தனர்.

1713இல் ஏற்பட்ட யூட்ரெக்ட் உடன்படிக்கை அக்காடியாவை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. அரசர் மாறினார், உழவர் அங்கேயே இருந்தனர். ஆங்கில மன்னருக்கு விசுவாசமாயிருப்போம், ஆனால் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து ஆயுதம் ஏந்தமாட்டோம் என்பது அவர்தம் நிலை. நடுநிலைப் பிரெஞ்சுக்காரர் என்றே அவர்களை அழைத்தனர். இந்நிலையைக் குலைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1745இல் அக்காடியாவை அடுத்த லூயிபூர்க் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தனர். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே பிடித்தார். 1748இல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயரிடமும் லூயிபூர் பிரெஞ்சுக்காரரிடமும் திரும்பின. கோட்டைக்குக் கோட்டை பண்டமாற்று! லூயிபூர் மீண்டும் பகைவர் கைக்குப் போயிற்றே என்று அஞ்சிய ஆங்கிலேயர் 1749இல் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவிப் படையைப் பெருக்கினர். அக்காடியர்மீது பிடி இறுகத் தொடங்கியது அப்பொழுதுதான். பங்கு என்று சொன்னோமே தவிர, குற்றம் என்று சொல்லவில்லை. சென்னையில் அன்று வாழ்ந்த எவரும் அக்காடியா என்ற பெயரைக்கூடக் கேட்டிரார்.

1755இல் ஆளுநர் சார்லஸ் லாரன்ஸ், நிபந்தனை ஏதுமின்றி உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றார். அக்காடியர் மறுத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கிராண்ட்-பிரே என்னும் ஊரின் ஆண்மக்கள் அனைவரும் கோயிலுக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். 418 பேர் வந்தனர். கதவுகள் சாத்தப்பட்டன. உங்கள் நிலமும் வீடும் கால்நடையும் மன்னருக்கு உரியனவாயின, நீங்கள் இந்நாட்டைவிட்டு அகற்றப்படுவீர்கள் என்று படைத்தலைவர் ஜான் வின்ஸ்லோ அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில், ஏறத்தாழ 14,000 அக்காடியருள் 11,000 பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டனர். திரும்பி வர நினையாதிருக்கும் பொருட்டு வீடுகளுக்குத் தீ வைத்தனர். மாசசூசெட்ஸ் முதல் ஜார்ஜியா வரை ஆங்கிலக் குடியேற்றங்களில் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து இறக்கிவிட்டனர். வர்ஜீனியா ஏற்க மறுத்ததால் அங்குச் சென்றவர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு 1763 வரை சிறைக் கைதிகள் போல் கிடந்தனர். 1758 டிசம்பரில் டியூக் வில்லியம், வயலட் என்னும் இரு கப்பல்கள் அட்லாண்டிக்கில் மூழ்க, நூற்றுக்கணக்கான அக்காடியர் ஒருங்கே மாண்டனர். இக்கொடுமையைப் பிரிட்டிஷ் முடியின் பெயரால் ஏற்றுக்கொண்டு, ஜூலை 28ஆம் நாளை நினைவுநாளாக அறிவித்த அரச ஆணை வெளிவர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அலைந்து திரிந்தோருள் ஒரு பகுதியினர்தாம் லூசியானாவை அடைந்தனர். ஆங்கிலேயரை எதிர்த்துக் காட்டில் மறைந்து போரிட்ட ஜோசப் புரூசார் என்பவர், 'போசோலெய்' என்னும் பட்டப்பெயர் கொண்டவர், ஏறத்தாழ 200 பேரை ஹாலிஃபாக்சிலிருந்து அழைத்துக்கொண்டு 1765 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்சில் இறங்கினார். அட்டக்கபா என்னும் மேற்குப் புல்வெளியில் குடியேறிய அவர், அவ்வாண்டே பரவிய கொள்ளைநோயில் இறந்தார். பிரான்சில் அகதிகளாக முப்பதாண்டு கழித்தோர் ஏறத்தாழ 1,600 பேர் ஸ்பானிய அரசின் செலவில் ஏழு கப்பல்களில் 1785இல் வந்தனர். ஸ்பானிய அரசு எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். புதுச்சேரியை 1761இல் தரைமட்டமாக்கிய அதே ஏழாண்டுப் போரின் முடிவில், 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை புதுவையைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்து கனடாவை ஆங்கிலேயருக்கு அளித்தது. அதற்கு முன் ஆண்டே பிரான்ஸ் லூசியானாவை இரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. பிரெஞ்சு மண் என்று நம்பி வந்த அக்காடியர் வந்து சேர்ந்தது அந்நிய அரசின் ஆட்சிக்குள்!

பிரெஞ்சில் 'அக்காடியன்' என்பது மக்கள் வாயில் 'காடியன்' ஆகி, ஆங்கிலேயர் நாவில் 'கேஜன்' ஆயிற்று.

ஒருவருள் ஒருவர்

இனி, வினா இதுதான். அக்காடிய அகதியின் மகன் லூசியானாவில் பிறந்தால் அவன் யார்? சொல்லின் பழம்பொருளின்படி அவன் கிரியோலே. கேஜன் என்பது கிரியோலுக்கு எதிர்ச்சொல்லாக எழுந்ததன்று. அதனுள் அடங்கிய ஒரு கிளையின் பெயர். செல்வம் சேர்த்த அக்காடியக் குடும்பங்கள் அவ்வாறே தம்மைக் கருதிக்கொண்டன. அலெக்சாந்தர் மூத்தோன் என்பார் அக்காடிய வழியினர். கரும்புத் தோட்டமும் அடிமைகளும் உடையவர். 1843 முதல் 1846 வரை லூசியானாவின் ஆளுநர். ஒன்றியத்தினின்று பிரிவதென 1861இல் முடிவு செய்த மாநாட்டின் தலைவர். விரட்டப்பட்டோரின் பேரன் பிறரை விலைக்கு வாங்கினான் என்பதை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. இன்று புரூசார், எபேர் என்னும் அக்காடியக் குடிப்பெயர்களைக் கறுப்பின மக்கள் பலர் தாங்கியிருப்பதற்கு அடிமை முறையே பெரிதும் காரணம்.

மறுபுறம், ஏழை அக்காடியரோடு ஏழைப் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஸ்பானியர், ஐரிஷ்காரர் அனைவரும் மண உறவால் கலந்தனர். ஊர்க்கோடியில் பிரெஞ்சு பேசும் ஏழை வெள்ளையன் எவனாயினும் அவனைக் கேஜன் என்று ஆங்கிலம் பேசுவோர் இகழ்ச்சியாகக் குறித்தனர். ஆகவே கேஜன் என்பது வகுப்பின் பெயராயிற்று. ரொமேரோ ஸ்பானியப் பெயர்; மெக்கீ ஐரிஷ் பெயர்; ஃபோந்தெனோ அலபாமாவின் பழைய கோட்டை ஒன்றிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைவீரனின் பெயர். இம்மூன்றும் இன்று கேஜன் பெயர்களாகக் கொள்ளப்படுகின்றன. அக்காடியாவைக் கனவிலும் காணாதோர் அக்காடியராயினர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1847இல் வெளியிட்ட 'எவாஞ்சலின்' என்னும் நெடும்பாடலின் தலைவி, நாடுகடத்தலில் காதலனைப் பிரிந்து தேடி அலையும் அக்காடியப் பெண். அவள் பெயரால் 1910இல் லூசியானாவில் ஒரு மாவட்டம் அமைக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் பழங்குடும்பங்களுள் பெரும்பாலானவை அக்காடிய வழியினவே அல்ல. பிரான்சிலிருந்து நேரே வந்த படைவீரரின் வழியின!

நிறத்தின் கோடு

கிரியோல் மரபின் மிகச் செறிவான பகுதி, அடிமையும் அல்லாத வெள்ளையரும் அல்லாத இடைநிலை மக்களின் வரலாறு. 1724இல் லூசியானாவுக்கு வகுக்கப்பட்ட கறுப்பர் சட்டம் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் திருமணத்தைத் தடை செய்தது. சட்டம் திருமணத்தைத் தடுத்தது. பிள்ளைப் பேற்றைத் தடுக்கவில்லை. ஸ்பானியர் ஆட்சியில், தன் விலையைத் தானே செலுத்தி விடுதலை பெறும் உரிமை அடிமைக்குக் கிடைத்தது. அவ்வழியாக 'நிறமுடைய உரிமை மக்கள்' என்னும் ஒரு வகுப்பு பெருகியது. மேரி தெரேஸ் குவான்குவான் என்னும் பெண்மணியின் வாழ்வை இங்குக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. 1742இல் நாக்கிடாஷ் என்னும் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். மெத்தொயே என்னும் பிரெஞ்சு வணிகரோடு வாழ்ந்து பத்து மக்களைப் பெற்றார். 1778இல் அவரால் விடுதலையும் பெற்றார். 1786இல் இருவரும் பிரிந்தபோது கிடைத்தது 68 ஏக்கர் நிலம். அதில் புகையிலை பயிரிட்டு, கால்நடை வளர்த்துச் சேர்த்த காசில், அடிமைகளாயிருந்த தம் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக விலை கொடுத்து மீட்டார். கேன் ஆற்றங்கரையில் அவர் கொடிவழியினர் கோயில் எழுப்பினர்; தோட்டங்கள் வளர்த்தனர்; தாமும் அடிமைகளை வைத்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

ஹெய்த்தியில் அடிமைகள் புரட்சி செய்ததால் வெளியேறிக் கியூபாவில் தங்கியிருந்தோர் 9,000 பேருக்கு மேல் 1809, 1810 ஆண்டுகளில் நியூ ஆர்லியன்சுக்கு வந்தனர். வெள்ளையர், நிறமுடைய உரிமை மக்கள், அடிமைகள் என மூவகையினரும் ஏறக்குறையச் சமமாக இருந்தனர். நகரின் மக்கள்தொகை இரட்டித்தது. 1803இல் அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கிய பின்னும் பிரெஞ்சு மொழி அரை நூற்றாண்டு தழைத்ததற்கு இவ்வரவு ஒரு காரணம். நிறமுடைய உரிமை மக்களுள் கவிஞர் இருந்தனர். 'லே செனேல்' என்னும் தொகுப்பை 1845இல் வெளியிட்டனர். பொறியியல் அறிஞரும் இருந்தார். 1806இல் பிறந்த நார்பேர் ரில்லியூ, பாரிசில் கற்று, கரும்புச் சாற்றை அடுத்தடுத்த வெற்றிடக் கலங்களில், ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டே மறு கலத்தைச் சூடாக்கிக் காய்ச்சும் முறையைக் கண்டு 1843இல் காப்புரிமை பெற்றார். விறகும் உயிர்களும் வீணாகாமல் காத்த முறை அது. நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகளிலும் சாறு காய்ச்சுவது அவர் வகுத்த நெறியில்தான்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது, விந்தையாக, இவ்விடைநிலை மக்களின் நிலை உயரவில்லை. இடமே இல்லாமற் போயிற்று. ஆங்கில அமெரிக்கா இரண்டே வகுப்புகளை அறிந்தது: வெள்ளை, கறுப்பு. ஒரு துளி ஆப்பிரிக்கக் குருதி இருந்தாலும் கறுப்பு. 1890இல் லூசியானா இரயில் பெட்டிகளை நிறத்தால் பிரித்தது. இதை எதிர்க்கக் கிரியோல் பெரியோர் ஒரு குழு அமைத்தனர். அக்குழுவின் ஏற்பாட்டின்படி, செருப்புத் தொழிலாளியான ஹோமர் பிளெசி 1892 ஜூன் 7ஆம் நாள் வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். பார்வைக்கு வெள்ளையர் போலவே இருந்த அவர், தம் வழியைத் தாமே சொன்னபின்தான் கைது செய்யப்பட்டார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனிமைப்படுத்தல் அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டமாய் நிலைத்தது. 2022 ஜனவரியில்தான் மாநில ஆளுநர் பிளெசிக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னிப்பு வழங்கிய விந்தை இது.

அதே ஆண்டுகளில்தான் வெள்ளைக் கிரியோல்கள் பெயரைத் தனியுடைமை ஆக்க முயன்றனர். வடக்கத்திய வாசகர் 'கிரியோல்' என்றதும் கலப்பு மரபை நினைப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள், ஒரே தந்தைவழியில் வெள்ளைக் கிளையும் நிறமுடைய கிளையும் உள்ள குடும்பத்தை வைத்து 1880இல் நாவல் எழுதியபோது நகரமே சினந்தது. வரலாற்றறிஞர் சார்லஸ் கயார்ரே 1885இல் ஆற்றிய சொற்பொழிவில், கிரியோல் என்றால் ஐரோப்பியக் குருதி மட்டுமே உடையவர் என்று வாதிட்டார். அவர் பெரிய அறிஞர்; லூசியானா வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதியவர். அடிமைக் குழந்தைக்கும் அச்சொல்லை வழங்கிய பழைய பதிவேடுகளை அவர் பாராதவர் என்று நாம் நம்புவதற்கில்லை. அறிந்தே மறுத்தார் என்றே கருத வேண்டியுள்ளது.

இக்கோட்டின் கூர்மை குடும்பங்களுக்குள் இறங்கியது. வெளிர்நிறத்தவர் சிலர் வடக்கே சிகாகோவுக்கும் மேற்கே லாஸ் ஏஞ்சல்சுக்கும் சென்று வெள்ளையராயினர். உடன்பிறந்தாருள் ஒருவர் கோட்டுக்கு இப்பால், ஒருவர் அப்பால்; தாயின் அடக்கத்திற்கும் வர இயலாதோர் இருந்தனர். நியூயார்க்கில் புகழ்பெற்ற இலக்கியத் திறனாய்வாளர் அனத்தோல் பிராயார்ட் தம் கிரியோல் பிறப்பைத் தம் மக்களிடமும் மறைத்து வாழ்ந்தார். 1990இல் அவர் இறக்கும் தறுவாயில்தான் மக்கள் அறிந்தனர். முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் கறுப்புக் குருதி உடையவர் கறுப்பரே என்று 1970இல் லூசியானா இயற்றிய சட்டம், ஒரு பெண்மணி தம் பிறப்புச் சான்றிதழை எதிர்த்து வழக்காடிய பின்னர், 1983இல் நீக்கப்பட்டது. 2025 மே 8ஆம் நாள் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் நியூ ஆர்லியன்சில் வாழ்ந்தவர்கள் என்பதும், 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அவர்களைக் கறுப்பர் என்று குறித்திருப்பதும் சில நாள்களில் வெளிவந்தன. சிகாகோ சென்றபின் அக்குடும்பம் வெள்ளையராகவே வாழ்ந்தது.

பெயர் மீண்ட கதை

கேஜன் மக்களை வேறொரு கோல் அடித்தது. 1921ஆம் ஆண்டு மாநில அரசமைப்பு பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது. விளையாட்டுத் திடலில் பிரெஞ்சு பேசிய சிறுவர், 'பள்ளியில் பிரெஞ்சு பேசமாட்டேன்' என்று நூறு முறை எழுத வேண்டும், முழந்தாளிட வேண்டும். அவ்வாறு தண்டனை பெற்றவர்கள் பெற்றோரானபோது பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினர். ஒரு தலைமுறையில் மொழி நின்றது. தண்டனை கிரியோல் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

பிரெஞ்சு வளர்ச்சிக்கென மாநில அவை ஒன்று 1968இல் ஏற்பட்டது. பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் நாடுகளிலிருந்து ஆசிரியரை வரவழைத்தனர். அவர்கள் கற்பித்த மொழி செம்மையான பிரெஞ்சு. பாட்டி பேசிய பிரெஞ்சு அன்று என்ற குறை எழுந்தது. 1971இல் 22 மாவட்டங்களைச் சேர்த்து 'அக்காடியானா' என்று சட்டமன்றம் பெயரிட்டது. 1980இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், கேஜன் மக்கள் சட்டப் பாதுகாப்புக்குரிய தனி இனத்தவர் என்று தீர்ப்பளித்தார். வசைச்சொல் பெருமைச்சொல்லாயிற்று, உணவு விடுதியிலும் விளையாட்டு அணியிலும் அது விளங்கியது. ஆனால் அந்த 22 மாவட்டங்களில் பல்லாயிரம் கிரியோல் மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தம் ஊரின் பெயர்ப்பலகையில் தமக்கு இடமில்லையே என்ற வருத்தம் அவர்களுக்கு இருப்பதில் வியப்பென்ன? அவர்கள் 1987இல் லஃபாயெத் நகரில் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர்.

மொழியை அளவுகோலாகக் கொண்டாலும் கோடு நேராக விழுவதில்லை. லூசியானாவில் பிரெஞ்சின் வட்டார வழக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுச் சொற்களால் ஆகியும் இலக்கணத்தால் வேறுபட்ட கிரியோல் மொழி ஒன்றும் உண்டு. பின்னதற்குக் 'கூரி-வினி' என்று பெயர். போதல், வருதல் என்னும் இரு வினைகளால் அமைந்த பெயர். 'நான்' என்பதற்கு அம்மொழியில் 'மோ' என்பர். மொரிசியஸ் தமிழரும் தம் கிரியோலில் 'மோ' என்றே சொல்கின்றனர். ஆனால் செயின்ட் மார்ட்டின் மாவட்டத்தில் வெள்ளையர் பலர் கூரி-வினி பேசினர். மேற்குப் புல்வெளியில் கறுப்புக் கிரியோல்கள் பலர் கேஜன் அண்டை வீட்டாரின் பிரெஞ்சையே பேசினர். உணவும் இப்படித்தான். இரு சாராரும் தமதென உரிமை கொண்டாடும் 'கம்போ' குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல். அதை இறுகச் செய்யும் சசாஃப்ராஸ் இலைப்பொடி பழங்குடியினர் தந்தது. மாவைக் கொழுப்பில் வறுத்துச் சேர்ப்பது பிரெஞ்சு வழக்கம். அதைச் சோற்றில் ஊற்றி உண்கின்றனர்.

1929 டிசம்பரில் நியூ ஆர்லியன்சில் ஓர் இசைத்தட்டுப் பதிவாயிற்று. அக்கார்டியன் வாசித்துப் பாடியவர் அமெதே ஆர்துவான், கறுப்புக் கிரியோல். வயலின் வாசித்தவர் டென்னிஸ் மெக்கீ, ஐரிஷ் பெயர் கொண்ட கேஜன். ஒருவர் கூத்துக்கு வரும்போது முன்வாசல் வழியாகவும் மற்றவர் பின்வாசல் வழியாகவும் நுழைய வேண்டியிருந்த காலம் அது. ஆனால் தட்டில் கேட்கும் இசையில் அவ்வாசல்கள் தெரிவதில்லை. இன்று கேஜன் இசை என்றும், கிரியோல் மக்களின் 'சைதிகோ' இசை என்றும் இரண்டாகப் பேசப்படுவன இரண்டும் ஆர்துவானைத் தம் முன்னோராகக் கொள்கின்றன. கூத்து நடந்த வீட்டில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வியர்வை துடைக்கக் கொடுத்த கைக்குட்டையை வாங்கியதற்காக ஆர்துவானை வழியில் மறித்து அடித்தனர் என்று உடனிருந்த இசைவாணர் சொல்லிவந்தனர். அவர் மனநல மருத்துவமனையில் 1942இல் இறந்தார். எந்தக் குழியில் புதைத்தனர் என்பது தெரியவில்லை. 2018இல் ஓப்பலூசாஸ் நகரில் அவருக்குச் சிலை வைத்தனர். மெக்கீ 1989 வரை வாழ்ந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும், வயலினை எடுத்தால், அமெதேயோடு வாசித்த பழைய மெட்டுகளை அவர் வாசித்து வந்தார்.